சுமி மை நிலக்காட்சி: பட்டிலா, தாளிலா?

சுமி என்ற ஜப்பானிய மையால் தீட்டிய நிலக்காட்சிகளில் மிகப் புகழ்பெற்றவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால், பல பட்டில் இல்லை என்பது தெரியும். செஸ்ஷு 1486-இல் தீட்டிய, ஏறக்குறைய 16 மீட்டர் நீளமுள்ள நான்கு பருவச் சுருள் தாளில் இருக்கிறது. இன்று அது யமகுச்சி மாகாணத்து மோரி அருங்காட்சியகத்தின் உடைமை. அவரே 1495-இல் தன் சீடருக்கு வரைந்து கொடுத்த, மையைத் தெறித்தாற்போல் சில வீச்சுகளிலேயே மலை எழுந்து நிற்கும் நிலக்காட்சியும் தாள்தான். ஹசெகாவா தோஹாகுவின் பைன் மரத் திரைகளும் அப்படியே. பட்டின் பக்கம் நிறுத்த யோகோயாமா தைகானின் ‘செய்செய் ருதென்’ ஒன்றே போதும்: 1923-இல் முடிந்தது, 40 மீட்டருக்கு மேல் நீளம், பட்டின் மேல் மை. அது முதலில் பார்வைக்கு வைக்கப்பட்ட செப்டம்பர் 1 அன்றுதான் டோக்கியோவைப் பெருநிலநடுக்கம் உலுக்கியது. சுருள் தப்பிவிட்டது.

ஆக, பட்டு உயர்ந்தது, தாள் அதற்கு ஒரு படி கீழே என்ற கணக்கு இங்கே செல்லாது. செஸ்ஷுவின் பாறையைத் தாங்கி நிற்பது தூரிகையின் வெட்டு. தைகானின் மலையைத் தாங்கி நிற்பது ஈரத்தில் மெல்ல மெல்லக் கரையும் சாயல். நீங்கள் வரைய நினைக்கும் மலை எதனால் நிற்கப்போகிறது என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். மிச்சப் பாதி, பட்டு கேட்கும் முன்வேலைக்கும் பின்செலவுக்கும் நீங்கள் தயாரா என்பது.

எதிரே இருக்கும் வழிகள் நான்கு. சட்டத்தில் இழுத்து ஒட்டி, பசைநீர் (மை ஊறிப் பரவாமலிருக்கப் பூசும் கரைசல்) பூசிய ஓவியப் பட்டு. இதற்கு ஜப்பானில் எகினு என்று பெயர். பின்தாள் ஒட்டிப் பசைநீரும் பூசி, உடனே வரையும்படி விற்கப்படும் பட்டு. பசைநீர் பூசிய தடித்த கைத்தாள். பசையே இடாத மென்தாள், அதாவது கசென்ஷி.

பரப்பில் மை என்ன ஆகிறது

கசென்ஷியில் தூரிகை பட்ட கணமே மை இழைகளுக்குள் இறங்கிவிடும். திருத்த வழியில்லை. இன்னொரு விசேஷம், முதலில் வைத்த வீச்சே முன்னால் நிற்பதுபோலத் தெரியும். அதன்மேல் பிறகு எதை வைத்தாலும் அது பின்னால் போய்விடும். அதனால் அருகிலுள்ள பாறையையும் மரத்தையும் முதலில் போட்டுவிட்டுத் தொலைமலையைக் கடைசியில் போடுவார்கள். ஈரமாக இருக்கும்போது கறுப்பாகத் தெரிந்தது காய்ந்ததும் நன்றாக வெளுத்துவிடும். இது தெரியாதவர்கள் முதல் சில தாள்களில் எல்லா மலையையும் சாம்பல் நிறமாகவே முடிப்பார்கள்.

பசைநீர் பூசிய பட்டில் கதை நேர் எதிர். மை மேற்பரப்பில் நெசவின் கண்களுக்கிடையே தங்கும், சற்று நேரம் அசையும். அந்தச் சற்று நேரம்தான் பட்டின் முழு மதிப்பும். ஒரு கையில் மைத் தூரிகையும் தண்ணீர்த் தூரிகையுமாகச் சேர்த்துப் பிடித்து, வைத்த மையின் ஒரு விளிம்பை மட்டும் கரைத்து ஒன்றுமில்லாமல் ஆக்கலாம். உலர்ந்த அகலத் தூரிகையால் ஈரப்பரப்பை மெல்லத் தடவித் தூரிகைத் தடமே இல்லாமல் செய்யலாம். தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோட்டையே விட்டுவிட்டுக் காற்றையும் வெளிச்சத்தையும் வரையப் புறப்பட்டது இந்த உலர்தூரிகை வேலையை நம்பித்தான்; ‘மங்கல் பாணி’ என்று அன்றைய விமர்சகர்கள் அதைக் கேலி செய்தார்கள். 1903-இல் இருவரும் கல்கத்தா வந்து தாகூர் குடும்பத்தோடு பழகியபோது, தைகான் படத்தின்மேல் தண்ணீர் தடவி வேலை செய்வதை அவனீந்திரநாத் தாகூர் பார்த்தார். அவர் கையில் இருந்தது தாள். அதனால் அவர் படத்தையே தண்ணீரில் முக்கி எடுத்தார். வங்காளத்து வாஷ் முறை, அதாவது நீர்த்த பூச்சுகளால் வரையும் முறை, அங்கிருந்து கிளைத்தது. பரப்பு மாறினால் கைமுறையும் மாறியாக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

பசைநீர் பூசிய கைத்தாள் இரண்டுக்கும் நடுவே. ஜப்பானின் எச்சிஸென் பகுதியில் இவானோ குடும்பம் சணல் வகை நாரும் கோஸோ (காகித முசுக்கொட்டை) நாரும் கலந்து உருவாக்கிய குமோஹதா மாஷி இந்த வகையில் பெயர்பெற்றது. பல பூச்சுகளைத் தாங்கும், பெரிய அளவில் கிடைக்கும், கிழியாது. மை பட்டில் போலவே மேலே நின்று அசையும். ஆனால் நாரின் முரட்டுத்தனம் மெல்லிய வாஷில் மேகமேகமாகத் தெரியும். பட்டில் நெசவு ஒரே சீராக இருப்பதால் சாயல் ஒரே சீராக இறங்கும். அதோடு, தாளில் ஒளி மேற்பரப்பிலேயே திரும்பிவிடுகிறது. பட்டில் இழைகளுக்கிடையே புகுந்து பின்தாளில் மோதித் திரும்புகிறது. வெறுமனே விட்ட இடம்கூடப் பட்டில் மூடுபனியாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

எந்த மலைக்கு எது

ஈரமான, அடுக்கடுக்கான, தூரம் தூரமாகப் பின்வாங்கும் மலைகள், மழைக்குப் பிந்தைய பள்ளத்தாக்கு, நிலவொளி, பனிக்கால மாலை என்றால் பட்டு. இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. ஐந்து முதல் எட்டு மெல்லிய பூச்சுகளில் ஒரு மலையை எழுப்பும் பொறுமை உள்ளவருக்குப் பட்டு தரும் ஆழத்தை வேறு எதுவும் தராது. சீனத்தில் குவோ ஷி 1072-இல் தீட்டிய ‘இளவேனில்’ பட்டில் இருப்பது தற்செயல் இல்லை. அதன் பாறைகள் கோடுகளால் ஆனவை அல்ல, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த ஈரங்களால் ஆனவை.

கோடரியால் வெட்டினாற்போல் பக்கவாட்டுத் தூரிகையால் இழுக்கும் பாறைமுகம், உலர்ந்த தூரிகை தாவிச் செல்லும்போது நடுவே வெள்ளை விட்டுப்போகும் வீச்சு, ஒரே மூச்சில் கொட்டும் தெறிமை ஆகியவற்றுக்குத் தாள். பட்டில் இவற்றைச் செய்ய முடியாது என்றில்லை. ஆனால் பசைநீர் பூசிய பரப்பில் தூரிகை வழுக்கிச் செல்லும். தாவல் வெள்ளை வெட்டாக விழாமல் நெசவுக் கட்டம் தெரியும் சொரசொரப்பாக விழும். சீனத்து மீ குடும்ப ஓவியர்களின் பாணியில் கிடையான புள்ளிகளால் மலையை நிரப்புபவர்களும் பட்டில் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் சிறு குளமாகத் தேங்கி, காயும்போது விளிம்பில் கறுத்த வளையம் விடும். தூரிகையில் ஈரத்தைத் துணியில் ஒற்றிக் குறைத்துக்கொண்டு வைத்தால் வளையம் வராது.

பெரிய சுவர், கூடம், அடிக்கடி இடம்மாறும் படம் என்றால் பசைநீர்த் தாள். பழகும் நாட்களுக்குக் கசென்ஷி. பட்டில் முதல் படம் வரையுமுன் தாளில் கை நிதானப்பட்டிருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். இது பாதிதான் சரி. கசென்ஷியில் பழகிய கை வேகமாக இருக்கும். பட்டு கேட்பது நிதானம். பசைநீர் பூசிய தாளில் பழகிவிட்டுப் பட்டுக்கு வருவதே நேர்வழி.

எந்தப் பட்டு

துணிக்கடைப் பட்டு உதவாது. பட்டுப்பூச்சி நூற்ற இழையைச் சுற்றி செரிசின் என்ற பிசின் இருக்கிறது. எடையில் ஏறக்குறைய கால் பங்கு வரை. உடுக்கும் பட்டில் அதை வேகவைத்து நீக்கிவிடுவார்கள். மென்மையும் பளபளப்பும் அப்போதுதான் வரும். ஓவியப் பட்டு அந்தப் பிசினோடேயே நெய்யப்படுகிறது. இழை விறைப்பாக, தட்டையாக, நெருக்கமாக நிற்கும். மெல்லிய கோடு ஒடியாமல் ஓடும். புடவைப் பட்டில் அதே கோட்டை இழுத்தால் இழையோடு இழையாகப் பரவி, பின்னர் முறுக்கு நூலின் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி உடையும். எத்தனை பசைநீர் பூசினாலும் இந்தக் குறை முழுதாகத் தீராது.

ஓவியப் பட்டிலேயே தடிமன் வேறுபாடு உண்டு. நிசோ-ஹி என்று விற்பது மெல்லியது, சான்சோ-ஹி அதைவிடத் தடித்தது. தொங்குசுருளாகச் சுருட்டப்போகும் படத்துக்கு மெல்லியதே நல்லது: வளையும், ஒளியை விடும், கீழே வைத்த முன்வரைவு தெளிவாகத் தெரியும். பலகையில் ஒட்டப்போகிறீர்கள், பூச்சுகளும் நிறைய என்றால் தடித்தது. அகலத்தை இன்றும் பழைய அளவிலேயே சொல்கிறார்கள். ஒரு ஷாகு 30.3 சென்டிமீட்டர். சுருள் ஓவியத்துக்குப் பரவலாகப் பயன்படும் ஒன்றரை ஷாகு அகலம் 45 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். வாங்கும்போது படத்தின் அளவோடு சுற்றிலும் 3 சென்டிமீட்டர் ஒட்டுவதற்கு என்று கூட்டிக்கொள்ளுங்கள். பட்டை மடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், சுருட்டித்தான் வர வேண்டும். மடிப்புத் தடத்தில் பிசின் உடைந்திருக்கும். முதல் வாஷிலேயே அங்கே ஒரு கறுத்த கோடு எழும், பிறகு அதை மறைக்க முடியாது.

பின்தாள் ஒட்டிய ஆயத்தப் பட்டு, குறிப்பாக 24.2-க்கு 27.3 சென்டிமீட்டர் ஷிகிஷி அட்டை, சட்டமும் பசைநீரும் இல்லாமல் பட்டின் குணத்தை அறிய எளிய வழி. அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். ஈரம் அதிகமானால் பின்தாளில் இறங்கித் திட்டாக நிற்கும். பட்டின் தனிச்சிறப்பான பின்புற வேலைக்கும் அங்கே இடமில்லை. சட்டத்தில் இழுத்த பட்டில் பனி மூடிய மலையின் பின்புறத்தில் சிப்பி வெள்ளையை (சிப்பி ஓட்டைப் பொடித்த வெள்ளை நிறமி) மெல்லிதாகப் பூசினால், முன்னாலிருந்து பார்க்கும்போது வெள்ளை பூசியதாகவே தெரியாது. மலைக்குள்ளிருந்து வெளிச்சம் வருவதாகத் தெரியும். ஓவியர் இட்டோ ஜகுச்சுவின் வண்ணப் பட்டோவியங்களைப் பழுதுபார்த்தபோது அவர் பின்புறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பயன்படுத்தியிருக்கிறார் என்பது வெளிப்பட்டது. மை ஓவியத்துக்கும் அதே வழி திறந்திருக்கிறது.

சட்டமும் பசைநீரும்

பட்டில் தோற்பவர்களில் பெரும்பாலோர் வரைவதில் தோற்பதில்லை, இங்கேதான் தோற்கிறார்கள்.

சட்டம் கோணாத மரத்தில், மூலைகள் சதுரமாக இருக்க வேண்டும். பாவு நூல் படத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும், ஊடை குறுக்கே. கோதுமை மாவின் மாப்பொருளைக் காய்ச்சிய பசையைச் சட்டத்தின் முகத்தில் தடவி, முதலில் மேல்விளிம்பை ஒட்டி, பின் இரு பக்கங்களை நடுவிலிருந்து வெளிப்புறமாக இழுத்து ஒட்டுங்கள். நெசவுக் கோடுகள் வளையாமல் நேராக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டு அடிவிளிம்பை ஒட்டுங்கள். முறுக்கி இழுக்க வேண்டாம். நனைந்த பட்டு தொய்யும், காயும்போது தானே இறுகும். அதிகம் இழுத்து ஒட்டிய பட்டு காயும்போது சட்டத்தையே கோணலாக்கும், அல்லது பசையிலிருந்து பிய்த்துக்கொள்ளும். குறைவாக இழுத்தால் நடுவில் குழி விழும். ஒவ்வொரு வாஷும் அந்தக் குழியில் தேங்கி வட்டம் போடும். சட்டத்தோடு வரைவதில் ஒரு லாபமும் உண்டு. முன்வரைவைப் பட்டுக்குக் கீழே, தொடாதபடி சிறு இடைவெளி விட்டு வைத்து, அதைப் பார்த்தே மையால் வரையலாம். பென்சில் தடமே படத்தில் இருக்காது.

பசைநீருக்கு ஜப்பானியர் சொல்லும் பெயர் தோஸா. விலங்குப் பசையான நிகாவாவும் படிகாரமும் தண்ணீரில் கரைந்த கரைசல் அது. பட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் நிகாவா, 5 கிராம் படிகாரம் என்ற அளவில் தொடங்குங்கள். நிகாவாவைக் குச்சிக் கணக்கில் எடுக்காதீர்கள், குச்சிக்குக் குச்சி எடை மாறும், தராசில் போடுங்கள். பழைய சீனக் கணக்கொன்று கோடையில் ஏழு பங்கு பசைக்கு மூன்று பங்கு படிகாரம், குளிரில் பத்துக்கு மூன்று என்று சொல்கிறது. அந்தக் கோடை அளவு படிகாரம் மிகுந்த கணக்கு. படிகாரம் அமிலத்தன்மை உடையது, காலப்போக்கில் பட்டைப் பொடியாக்குவதில் அதற்கும் பங்கு உண்டு. குறைத்துப் போட்டு, போதாவிட்டால் இன்னொரு முறை பூசுவதே நல்லது. நீங்கள் வைத்திருப்பது பொரித்த படிகாரம் என்றால் ஏறக்குறைய பாதி எடை போதும், அதில் இருந்த தண்ணீர் போய்விட்டது. மஞ்சளோடிய கட்டி வேண்டாம், கண்ணாடிபோல் தெளிந்த கட்டியாக எடுங்கள்.

நிகாவாவை முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். காலையில் அந்தக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து 60 முதல் 70 டிகிரிக்குள் கரையுங்கள். கொதித்தால் பசையின் பிடிப்பு போய்விடும். அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கைபொறுக்கும் அளவுக்கு வந்தபின், தனியே வெந்நீரில் கரைத்து வைத்த படிகாரத்தைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். சூடான பசையில் ஒரேயடியாகக் கொட்டினால் நூல்நூலாகத் திரளும். மெல்லிய துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே அகலத் தூரிகையால் பூசுங்கள். ஒரு பட்டையை ஒட்டி அடுத்த பட்டை. இரண்டும் மேலே ஏறவும் கூடாது, நடுவே இடம் விடவும் கூடாது. முன்புறம் ஒரு முறை, முழுக்கக் காய்ந்ததும் பின்புறம் ஒரு முறை, தேவையென்றால் மறுபடி முன்புறம். தடித்த ஒரே பூச்சாக முடிக்கப் பார்த்தால் நெசவின் கண்களில் சவ்வு கட்டிவிடும். சாய்வாகப் பார்க்கும்போது அவை சதுரம் சதுரமாக மின்னும். மை அங்கே ஏறாது.

நாள் பார்க்க வேண்டியதும் இதற்குத்தான். வெயில் உள்ள, காற்றில் ஈரம் குறைந்த நாள். ஜப்பானில் ஜூன், ஜூலை மழைக்காலத்தில் இந்த வேலையைத் தவிர்ப்பார்கள். கடுங்குளிரில் கரைசல் தூரிகையிலேயே கூழாக உறைந்துவிடும். பூசிய பட்டை நேர்வெயிலிலோ மின்விசிறிக்கு நேராகவோ வைக்காமல் நிழலில் காயவிட்டு, சில நாள் கழித்துத் தொடங்குங்கள்.

சோதனை எளிது. ஓரத்தில் வெளிறிய மை ஒரு சொட்டு. அது நூல்வழியே நான்கு பக்கமும் சிலுவைபோல் கிளைத்தால் பசைநீர் போதவில்லை, இன்னொரு மெல்லிய பூச்சு வேண்டும். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் மிஞ்சிவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீரை அகலத் தூரிகையால் ஒரு முறை பூசிக் காயவிட்டு மறுபடி சோதியுங்கள். சொட்டு வட்டமாக நின்று, மெல்லப் பரவாமல் காய்ந்தால் சரி. காய்ந்த பரப்பில் வெள்ளைப் பொடியாக மினுக்கம் தெரிந்தால் அது படிகாரம் படிகமாகிவிட்டது. அந்தப் பட்டில் நல்ல படத்துக்கு முயல வேண்டாம், பழகிக்கொள்ள வைத்துக்கொள்ளுங்கள். பசைநீர் சரியாக இருந்தும் ஆங்காங்கே மை விலகினால் விரல் எண்ணெய் பட்டிருக்கிறது. சட்டத்தை எப்போதும் மரத்தில் மட்டும் பிடியுங்கள், கைக்குக் கீழே ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் பாதியில் இருக்கும்போது வாஷ் திடீரென்று உள்ளே இறங்கத் தொடங்கினால், பலமுறை நனைத்ததில் பசைநீர் தளர்ந்துவிட்டது என்று பொருள். நன்றாகக் காயவிட்டு, இன்னும் நீர்த்த தோஸாவை ஒரே ஒரு வீச்சில், தேய்க்காமல் பூசித் தொடரலாம். கீழேயுள்ள மை அன்றைக்கு வைத்ததாக இருந்தால் கலங்கும், ஒரு நாளாவது கடந்திருக்கட்டும்.

மை

நாரா நகரம் ஜப்பானின் மைக்கட்டிகளில் மிகப் பெரும்பங்கைச் செய்கிறது. அங்குள்ள கோபாய்யென் 1577-இல் தொடங்கிய நிறுவனம். கடையில் கேட்க வேண்டியது ஒன்றுதான், எண்ணெய்ப் புகைக்கரியா, பைன் புகைக்கரியா. கடுகு இனத்து எண்ணெய் அல்லது எள்ளெண்ணெய் விளக்கின் புகையைப் பிடித்துச் செய்ததில் துகள் நுண்மையாக, சீராக இருக்கும். கறுப்பு ஆழமானது, சற்றுப் பழுப்பேறியது, லேசாக மினுங்கும். பைன் மரத்தை எரித்த புகைக்கரியில் துகள் பெரிதும் சிறிதுமாக இருக்கும். நீர்த்தால் நீலம் கலந்த சாம்பல் தோன்றும்.

ஓவியப் பட்டு இயல்பிலேயே தந்த நிறம். அதன்மேல் எண்ணெய் மை பட்டோடு ஒட்டி முன்னே நிற்கும், பைன் மை பின்னே விலகும். எனவே பட்டில் ஒரே கட்டியோடு நின்றுவிடாமல், தொலைமலைக்கும் மூடுபனிக்கும் பைன் மை, அருகிலுள்ள பாறை, மரம், கூரைக்கு எண்ணெய் மை என்று பிரித்துக்கொள்வதையே பரிந்துரைப்போம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எண்ணெய் மை. அடுக்கடுக்காகப் போட்டாலும் அது தெளிவை இழக்காது. பைன் மை பூச்சுகள் கூடக்கூட உயிரில்லாத மட்டக் கறுப்பாகிவிடும். ஒரு ‘சோ’ அளவுக் கட்டி 15 கிராம். சிறிய படங்களுக்கு நெடுநாள் வரும்.

புட்டி மையைப் பட்டில் தவிர்த்துவிடுங்கள். விலங்குப் பசையால் ஆன புட்டி மை உறையாமலிருக்க உப்பு வகைகள் சேர்த்திருப்பார்கள்; பின்தாள் ஒட்ட நனைக்கும்போது அது கசியும். செயற்கைப் பிசினால் ஆனது கசியாது. ஆனால் நீர்த்தால் சாயல் உயிரற்றுப்போகும், நல்ல தூரிகையில் காய்ந்தால் தூரிகையும் போகும். நேற்று அரைத்து மிஞ்சிய மையும் பட்டுக்கு ஆகாது. பசை சிதைந்து துகள் திரண்டிருக்கும், நெசவில் பிடிக்காது. தாளில் அந்தத் திரளையே அழகாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு என்றாலும் பட்டு அதை மன்னிப்பதில்லை.

மிக நீர்த்த மையில் மை மட்டும் குறைவதில்லை, அதிலுள்ள பசையும் குறைகிறது. தொலைமலைக்கான கடைசி வெளிறலைக் கலக்கும்போது நீர்த்த நிகாவா சில சொட்டு சேர்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாகப் பைன் மையில். வரிசை எப்போதும் வெளிறியதிலிருந்து கறுப்புக்கு. ஒவ்வொரு பூச்சும் முழுக்கக் காய்ந்தபின் அடுத்தது; பாதி ஈரத்தில் மேலேறினால் கீழிருந்த விளிம்பு பெயர்ந்து பூசணம்போல் திட்டுவிடும்.

சுருளா, பலகையா

இந்தக் கேள்வியைப் படம் முடிந்தபின் கேட்பது வழக்கமாக இருக்கிறது. பட்டு வாங்குமுன்பே கேட்க வேண்டியது இது. மொத்தச் செலவில் பெரும்பங்கும் இங்கேதான் போகும்.

தொங்குசுருளில் படத்தின் பின்னால் குறைந்தது மூன்று அடுக்குத் தாள் வருகிறது. முதலில் மினோ தாள். நடுவில் யோஷினோ பகுதியின் மிசு தாள், அதில் சிப்பி வெள்ளை கலந்திருக்கும். கடைசியில் அதே பகுதியின் உதா தாள், அதில் வெண்களிமண். நடு அடுக்கிலிருந்து பயன்படுத்துவது ஜாடியில் பல ஆண்டு கிடந்து பலம் குறைந்த மாப்பசை. பிடிப்பு குறைந்த பசைதான் சுருள் விறைக்காமல் தொங்க உதவும். நூறாண்டு கழித்துப் பழுதுபார்ப்பவர் பிரித்தெடுக்கவும் வழிவிடும். அவசரத்துக்கு இரும்புப்பெட்டிச் சூட்டில் ஒட்டும் படலத்தைப் பட்டுக்குப் பின்னால் போடும் இடங்கள் பல உண்டு. பட்டு ஓவியத்துக்கு வேண்டாம். அதைக் கழற்றுவது பெரும் தொல்லை.

பட்டில் முதல் பின்தாளின் நிறமும் படத்தின் பகுதிதான், அது முன்னால் தெரியும். வெள்ளைத் தாள் போட்டால் பனி கூர்மையாகும். மையில் லேசாகச் சாயமேற்றிய தாள் போட்டால் மொத்தக் காட்சியும் மாலைக்கு இறங்கும். கைவினைஞரிடம் கொடுக்குமுன் வெவ்வேறு நிறத் தாள்களைப் பட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்து நீங்களே சொல்லிவிடுங்கள்; சொல்லாவிட்டால் அவருக்கு வழக்கமான தாளைப் போடுவார்.

சுருளின் நன்மை, பெரும்பாலான நேரம் இருட்டில் இருப்பது. சில வாரம் தொங்கவிட்டுச் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவதே மரபு. பட்டு ஒளியால் பழுப்பேறி நொறுங்கும் பொருள் என்பதால் இது வெறும் சடங்கு அல்ல. ஜப்பானில் தேசியச் செல்வங்களைக் காட்சிக்கு வைப்பது பொதுவாக ஆண்டுக்கு 60 நாளுக்குள் நிறுத்தப்படுகிறது. பழைய பட்டில் விழுந்த ஓட்டையை அடைக்கப் புதுப் பட்டை அப்படியே வைத்தால் அதன் பலமே சுற்றியுள்ள பழைய பட்டைக் கிழித்துவிடும். அதனால் மின்னணுக் கதிரால் வேண்டுமென்றே நலிவூட்டிய பட்டை அங்கே பயன்படுத்துகிறார்கள். சுருளின் தீமை, சுருட்டலில் குறுக்கே விழும் மடிப்புகள். பல பூச்சு ஏறிய படமானால் பெரிய விட்டமுள்ள உருளையைக் கூடுதலாகப் பொருத்திச் சுருட்டச் சொல்லுங்கள்; சிப்பி வெள்ளை பூசியிருந்தால் அது கட்டாயம்.

ஆண்டு முழுதும் சுவரில் இருக்க வேண்டிய படம் என்றால் பின்தாள் ஒட்டிப் பலகையில் பொருத்திச் சட்டமிடுவது சரி. வெளிச்சம் நேராகப் படாத சுவர் வேண்டும். கண்ணாடி பட்டைத் தொடாதபடி இடைவெளி வேண்டும். தொட்டால் ஈரநாட்களில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது மையையும் எடுத்துவரும். இப்படித்தான் முடியப்போகிறது என்று முன்பே தெரிந்தால், பட்டுக்குப் பதிலாகப் பசைநீர்த் தாளை மறுபடி ஒரு முறை எண்ணிப் பாருங்கள். எப்போதும் ஒளியில் நிற்கும் படத்துக்குத் தாள் சற்று அதிகம் தாங்கும். ‘தாளுக்கு ஆயிரம் ஆண்டு, பட்டுக்கு எண்ணூறு’ என்று சீனத்தில் ஒரு வழக்கு உண்டு. அந்த எண்கள் சுருட்டி வைத்த படங்களுக்கானவை.

படத்தைச் சட்டத்திலிருந்து அறுக்கும்போது ஒட்டிய விளிம்பை ஒட்டியே அறுக்க வேண்டாம். படத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டராவது வெற்றுப்பட்டு இருந்தால்தான் கைவினைஞருக்குப் பிடித்து இழுக்க இடமிருக்கும். அந்த ஓரத்திலேயே, படத்தில் பயன்படுத்திய எல்லா மைகளையும் அதே நீர்ப்பில், அதே நாளில் கோடுகோடாக இட்டு வைத்திருங்கள். நிகாவா சேர்த்தது, சேர்க்காதது, பைன், எண்ணெய், சிப்பி வெள்ளை எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு கோடு. பின்தாள் ஒட்டுமுன் ஈரமான வெள்ளைத்தாளை அந்தக் கோடுகளின்மேல் ஒற்றி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கோடு தாளில் படிகிறதோ, அந்த மை உள்ள இடங்களுக்கு நீர்த்த தோஸா ஒரு பூச்சு கொடுத்து, காய்ந்தபின் மறுபடி ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் படத்தை நனைக்க வேண்டும்.